கடைமடைக்கும் கல்வி

மேட்டூர் அணையில் ஆண்டுதோறும் ஜூன் 12ஆம் நாள் நீர் திறப்பது மரபு. அணைக்கு வரும் நீர் குறைந்த ஆண்டுகளில் அந்நாள் தள்ளிப் போவதும் உண்டு. திறந்த நீர் அன்றே காரைக்காலை வந்து அடைவதில்லை. கல்லணையைக் கடந்து, கிளை ஆறுகளாகவும் வாய்க்கால்களாகவும் பிரிந்து, வழிநெடுக வயல்களை நனைத்துவிட்டுப் பல நாள் சென்றே அரசலாற்றின் முகத்துவாரப் பகுதிக்கு வருகிறது. தலைமடையில் இருப்பவர் நாற்று விட்டுவிடுவார். கடைமடையில் இருப்பவர் வாய்க்காலைப் பார்த்துக் காத்திருப்பார். அவருடைய நிலம் மட்டமானது அன்று. அவருடைய உழைப்பும் குறைந்தது அன்று. நீர் வந்து சேரவில்லை என்பது ஒன்றே குறை.

காவிரி நடுவர் மன்றம் 2007இல் அளித்த இறுதித் தீர்ப்பில் புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்கு 7 டி.எம்.சி. நீர் ஒதுக்கப்பட்டது. அது காரைக்கால் வட்டாரத்துக்கு உரிய நீரே ஆகும். உச்ச நீதிமன்றம் 2018இல் அளித்த தீர்ப்பிலும் அப்பங்கு குறைக்கப்படவில்லை. கருநாடகம், தமிழ்நாடு ஆகியவற்றின் பங்கோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய அளவு. ஆயினும் அது தருமமாக இடப்பட்டதன்று, உரிமையாக எழுதப்பட்டது. கடைமடைக்கு நீர் கொடுப்பது மேல்மடைக்காரரின் கருணையைப் பொறுத்ததன்று என்பதே அதன் பொருள்.

வகுப்பறைக்கும் ஒரு கடைமடை உண்டு. ஆசிரியர் திறந்துவிடும் பாடம் முன்வரிசைப் பிள்ளைகளை முதலில் நனைக்கிறது. கடைசி வரிசைக்குப் போய்ச் சேருமுன் மணி அடித்துவிடுகிறது. அந்தக் கடைசி வரிசைப் பிள்ளைக்கு நாம் செய்ய வேண்டியது இரக்கமா, கடமையா? எல்லாருக்கும் ஒரே பாடத்தை ஒரே முறையில் சொல்வது நடுநிலையா, அல்லது நடுநிலை போலத் தோன்றும் ஓர் அநீதியா? இவ்வினாவைச் சமண நெறியின் வழிநின்று சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பவணந்தியார் வகுத்த வழி

கல்வி கற்பித்தலைப் பற்றித் தமிழில் ஒழுங்குபடப் பேசிய பெருமக்களுள் நம் பவணந்தி முனிவர் முன்னிற்பவர். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் வேண்டுகோளுக்கு இணங்க அவர் இயற்றிய நன்னூலின் பாயிரப் பகுதி, நல்லாசிரியர் இலக்கணம், ஆசிரியர் ஆகாதவர் இலக்கணம், பாடம் சொல்லும் முறை, மாணாக்கர் இலக்கணம், பாடம் கேட்கும் முறை என்று வரிசைப்படுத்திக் கூறுகிறது. ஒரு சமண முனிவர் இயற்றிய அந்நூலைச் சைவத் திருமடங்கள் பல தலைமுறைகளாகப் பாடம் சொல்லி வந்தன. சங்கர நமச்சிவாயர் எழுதிய உரையைத் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் திருத்தி விரித்தார். காவிரிக் கரையில் நன்னூல் எல்லாருக்கும் பொதுச்சொத்தாயிற்று.

பாடம் சொல்லும் முறையைக் கூறுமிடத்து முனிவர் சில கட்டளைகளை இடுகிறார். காலமும் இடமும் நோக்க வேண்டும், விரைதல் கூடாது, சினத்தல் கூடாது, மலர்ந்த முகத்தோடு இருக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் மகுடமாக, கற்பவன் எந்த வகையால் ஏற்றுக்கொள்வான் என்பதை அறிந்து, அவன் உள்ளம் கொள்ளுமாறு, கோணாத மனத்தோடு கொடுக்க வேண்டும் என்கிறார். கொடுப்பவன் தனக்குத் தெரிந்த முறையில் கொடுத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வதன்று கற்பித்தல். கொள்பவன் கொள்ளும் வகையே கொடுக்கும் வகையை முடிவு செய்கிறது.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் தன் 24ஆம் பிரிவில், ஆசிரியர் ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, வேண்டிய கூடுதல் பயிற்சியை அளிக்க வேண்டும் என்று விதிக்கிறது. எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி உள்ள இரண்டு கூற்றுகள் ஒரே இடத்தில் வந்து சந்திப்பது காண்க.

ஓர் இடர்ப்பாடு

இவ்வளவும் பெருமைக்குரியவை. ஆனால் பெருமையோடு நின்றுவிடுவது நேர்மையாகாது. அதே பாயிரத்தில் மாணாக்கரை மூவகையாகப் பிரித்து உவமை கூறப்படுகிறது. அன்னமும் பசுவும் போல்வார் தலைமாணாக்கர். மண்ணும் கிளியும் போல்வார் இடைமாணாக்கர். ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவை போல்வார் கடைமாணாக்கர். அம்மட்டோ? பாடம் சொல்லத் தகாதவர் பட்டியல் ஒன்றும் உண்டு. அதில் திருடனும் வஞ்சகனும் இடம்பெறுவதை நாம் ஏற்கலாம். ஆனால் பிணியுடையவனும் மந்தனும் அப்பட்டியலில் இருக்கிறார்களே!

மந்தமான பிள்ளைக்குப் பாடம் சொல்லாதே என்று அகிம்சையைப் பரம தருமமாகக் கொண்ட ஒரு முனிவர் சொல்லலாமா? இவ்வினாவை மூடி மறைப்பதால் முனிவருக்குச் சிறப்பு ஒன்றும் சேராது. அவர் பேசியது உயர்நிலை இலக்கணக் கல்வியைப் பற்றி. எழுத்தறிவே இல்லாத குழந்தைக்கு அரிச்சுவடி சொல்வதைப் பற்றியன்று. இது ஓரளவு சமாதானமே அன்றி முழு விடை ஆகாது. முழு விடையை நம் தத்துவத்தில்தான் தேட வேண்டும்.

திரவியமும் பரியாயமும்

பொருளுக்கு நிலைத்த தன்மை ஒன்று, மாறும் நிலைகள் பல என்பது ஜைன தத்துவத்தின் அடிப்படை. முன்னதைத் திரவியம் என்றும் பின்னதைப் பரியாயம் என்றும் கூறுவர். ஆன்மாவின் இயல்பு எல்லையற்ற அறிவு. ஞானாவரணீய கர்மம் அதனை மேகம் கதிரவனை மறைப்பது போல மறைக்கிறது. மறைப்பு கூடலாம், குறையலாம். மேகத்தைக் கண்டு கதிரவன் இல்லை என்பார் உண்டோ?

அங்ஙனமாயின், ‘இவன் ஓட்டைக் குடம்’ என்னும் சொல் பரியாயத்தைப் பற்றியது. இன்று, இப்பாடத்தில், இம்முறையில் சொல்லும்போது இவனிடம் தங்கவில்லை என்பதே அதன் பொருள். அதைத் திரவியத்தைப் பற்றிய தீர்ப்பாக்கி, ‘இவன் பிறவியே அப்படி’ என்று முத்திரை குத்துவது ஏகாந்தவாதம். ஒரு நோக்கில் உண்மையானதை எல்லா நோக்கிலும் உண்மை என்று சாதிக்கும் அப்பிழையைக் களையவே நம் ஆசாரியர்கள் அநேகாந்தத்தை உபதேசித்தார்கள். யானையின் காலைத் தடவியவன் அதனை உரல் என்றானாம். தேர்வுத்தாள் ஒன்றைத் தடவிப் பார்த்து ஒரு குழந்தையை முழுவதும் அறிந்துவிட்டதாக நாம் சொல்வதும் அத்தகையதே.

இதற்குச் சான்று வேண்டுமாயின் உ. வே. சாமிநாதையரை நினைக்கலாம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தலைமாணாக்கர் அவர். குடந்தைக் கல்லூரியில் தமிழாசிரியர். அத்தகையவர் சீவக சிந்தாமணியை எடுத்தபோது சமண மரபுச் சொற்கள் விளங்காமல் திகைத்தார். கும்பகோணத்துச் சமண இல்லங்களை நாடிச் சென்று, சந்திரநாத செட்டியார் போன்றோரிடம் கேட்டுத் தெளிந்த பின்னரே 1887இல் அந்நூலை வெளியிட்டார். ஒரு துறையில் தலைமாணாக்கர் மற்றொன்றில் முதற்பாடம் கேட்பவர் ஆனார். அவருக்கு விளங்கும் வகையில் பொறுமையாகச் சொன்ன இல்லறத்தார் அன்று இருந்தனர். அதனால் தமிழுக்கு ஒரு பெருங்காப்பியம் மீண்டும் கிடைத்தது.

குந்தகுந்தாசாரியார் தம் பாவபாகுடத்தில் நினைவுகூரும் சிவபூதி முனிவரின் வரலாறு இதனினும் உயர்ந்தது. உளுந்து வேறு, அதன் தோல் வேறு; அதுபோல் ஆன்மா வேறு, உடல் வேறு என்று ஆசாரியர் கற்பித்தார். அச்சிறு சொற்றொடரும் சிவபூதிக்கு நினைவில் நிற்கவில்லை. பின்னர் ஒரு பெண் உளுந்தைக் கழுவித் தோலைப் பிரிப்பதைக் கண்டபோது, மறந்த பொருள் முழுவதும் அவர் உள்ளத்தில் விளங்கிற்று. அவர் கேவல ஞானம் எய்தினார் என்பது மரபு. காதால் ஏறாதது கண்ணால் ஏறியது. சொல்லால் ஏறாதது செயலைக் கண்டதால் ஏறியது. நன்னூலின் அளவுகோலால் அளந்திருந்தால் சிவபூதி ஓட்டைக் குடம். ஆகமத்தின் அளவுகோலால் அவர் கேவலி.

‘அவன் கர்மம், நாம் என்ன செய்வது’

இவ்விடத்தில் நம்மவர் சிலர் வேறொரு தடை எழுப்புவர். ‘படிப்பு ஏறாமை அப்பிள்ளையின் ஞானாவரணீய கர்மத்தின் உதயம், அதை ஆசிரியர் மாற்ற முடியுமா?’ என்பர். தத்துவத்தை அரைகுறையாகக் கற்றதன் விளைவு இது. கர்மத்தின் மறைப்பு ஓரளவு தேய்ந்தும் ஓரளவு அடங்கியும் அறிவு வெளிப்படுவதற்குக் க்ஷயோபசமம் என்று பெயர். அதற்குப் புறத்தே நிமித்தமும் வேண்டும். நல்லாசிரியர் அத்தகைய நிமித்தம்.

மேலும், உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் ஞானாவரணீய கர்மம் வந்து பற்றுவதற்குரிய காரணங்களைக் கூறுகிறது. அறிவின்மேல் வெறுப்பு, தெரிந்ததை ஒளித்தல், பொறாமையால் கொடாமை, பிறர் கற்பதற்கு இடையூறு செய்தல், அவமதித்தல், பழித்தல் என அவை ஆறு. இவை கற்பவனின் குற்றங்களாக மட்டும் கூறப்படவில்லை என்பதை உற்று நோக்குக. கற்கத் தவிக்கும் பிள்ளையின் வழியை அடைப்பவர் யாராயினும், அவர் தம் அறிவுக்கே திரை நெய்துகொள்கிறார். பின்வரிசைப் பிள்ளையின் கர்மத்தைப் பற்றிப் பேசுமுன் நம் கர்மத்தைப் பற்றி அஞ்சுவது நன்று.

எருமை, பன்னாடை என்னும் சொற்கள் இன்று வகுப்பறை வசவுகளாகிவிட்டன. நெய்யை விட்டுவிட்டுக் கசண்டைப் பிடித்துவைக்கும் நெய்யரியே அந்தப் பன்னாடை. முனிவர் மாணாக்கனுக்குத் தன்னைத் திருத்திக்கொள்ளக் காட்டிய கண்ணாடியை நாம் அவன்மேல் எறியும் கல்லாக்கிவிட்டோம். உடலைத் தண்டிப்பதையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது. சட்டம் வருவதற்கு மிக முன்பே நம் நெறி அதனைப் பாவ ஹிம்சை என்று பெயரிட்டு விலக்கியது.

காரைக்கால் வகுப்பறை

காரைக்கால் வட்டாரத்தில் ஓர் அரசுப் பள்ளி வகுப்பை எண்ணிப் பார்ப்போம். 2011 கணக்கெடுப்பின்படி இரண்டு இலட்சம் மக்கள் வாழும் சிறிய நிலப்பகுதி இது. 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி போன்ற மீனவர் ஊர்ப் பிள்ளைகளும், திருநள்ளாறு, நெடுங்காடு பக்கத்து உழவர் பிள்ளைகளும், நகரத்து வணிகர் பிள்ளைகளும் ஒரே கூரையின்கீழ் அமரக்கூடும். புதுச்சேரி அரசுப் பள்ளிகளின் மேல்வகுப்புகள் 2023-24 கல்வியாண்டு முதல் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை விட்டு மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டத்துக்கு மாறின. பாடநூல் மாறிற்று, ஆனால் அதைத் திறக்கும் பிள்ளைகள் அதே பிள்ளைகள்தாம்.

அவர்களுள் ஒரு பிள்ளைக்கு ஒரு காது மந்தம். மற்றொரு பிள்ளையின் வீட்டில் படித்தவர் எவரும் இல்லை. இன்னொரு பிள்ளை வாய்க்கணக்கில் புலி. எழுதச் சொன்னால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மாறிப்போகும். ‘கொ’ என்னும் எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காதில் மெய் முதலில் ஒலிக்கிறது. கையோ கொம்பை முதலில் எழுத வேண்டியிருக்கிறது. இவ்வளவில் தடுமாறும் பிள்ளையைச் சோம்பேறி என்கிறோம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுள்ள 21 குறைபாடுகளுள் கற்றல் குறைபாடும் ஒன்று. அது சோம்பலும் அன்று, அறிவின்மையும் அன்று.

‘ஒருவரே முப்பது பேருக்கு முப்பது பாடம் நடத்த முடியுமா?’ என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமே. அவர்கள் சுமையை அறியாது அறிவுரை கூறுவதும் ஒரு ஹிம்சைதான். ஆனால் வேண்டுவது முப்பது பாடங்கள் அல்ல. ஒரே பாடத்துக்குச் சில வாயில்கள். பின்னம் கற்பிக்கும் நாளில் கரும்பலகையோடு நில்லாமல், பிடித்த மீனைப் படகுக்கும் ஆட்களுக்கும் பங்கு பிரிக்கும் முறையை மீனவர் வீட்டுப் பிள்ளையைச் சொல்லச் செய்யலாம். நான்கு உழக்கு ஒரு படி என்பதை உழவர் வீட்டுப் பிள்ளையை அளந்து காட்டச் செய்யலாம். அன்று கடைசி வரிசை முன்வரிசையாகும். காது மந்தமான பிள்ளையை முன்னே அமர்த்தி, பலகையைப் பார்த்துப் பேசாமல் பிள்ளையின் முகம் பார்த்துப் பேசுவதற்குச் செலவு ஏதும் இல்லை. எழுதத் தடுமாறும் பிள்ளையிடம் விடையை வாயால் கேட்கலாம். பழைய திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். விரலும் கண்ணும் காதும் சேர்ந்து கற்ற முறை அது.

உடன் பயில்வார் துணையும் பெரிது. ஆசிரியரிடம் கேட்பதால் கால்பங்கும், உடன் கற்பாரோடு பழகுவதால் கால்பங்கும், பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்பது பவணந்தியார் கணக்கு. ஆகவே கெட்டிக்காரப் பிள்ளை மெதுவாகக் கற்கும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதால் அவன் காலம் வீணாவதில்லை; அவனுக்கே அரைப்பங்கு நிரம்புகிறது. சென்னை மாகாணத்தில் பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் கற்பித்த முறையைக் கையாண்ட ஆண்ட்ரு பெல் 1797இல் அதைப் பற்றி நூல் எழுதினார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரோடு அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவிற்று.

நம் நாளில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கித் தமிழகமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலில், ஏணிப்படி போல் அமைந்த அட்டைகளைக் கொண்டு ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் முன்னேறியது. 2022இல் தமிழ்நாட்டில் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளில் வைத்துப் பயிற்றுகிறது. இப்பெயர்கள் நம் கருத்தைக் கவர்கின்றன. இல்லிக்குடம் ஒருநாளும் அன்னமாகாது. அரும்போ மலராகும். முன்னது திரவியத்தைச் சுட்டும் பெயர் போல ஒலிக்கிறது. பின்னது பரியாயத்தின் பெயர். ஆனால் பெயர் அழகாயிருந்தால் மட்டும் போதாது. ஆண்டு முழுதும் ஒரு பிள்ளையை அரும்பு வரிசையிலேயே உட்கார்த்தி வைத்தால் அப்பெயரும் வசவாகிவிடும்.

ஒருபுறம் தாழ்த்துதல் பிழையானால், மறுபுறம் இரக்கப்பட்டு ஒன்றும் கேளாமல் விட்டுவிடுவதும் பிழையே. ‘பாவம், அவனுக்கு இது போதும்’ என்பது மென்மையான குரலில் சொன்ன மறுப்பு. வாயில்கள் பல இருக்கலாம். உள்ளே உள்ள அறை ஒன்றாக இருக்க வேண்டும்.

நம் வீட்டுக் கணக்கு

பிறரைப் பற்றிப் பேசி முடித்தோம். இனி நம்மைப் பற்றி. நம் சமூகம் கல்வியில் முன்னிற்பது என்று பெருமை கொள்கிறோம். அன்னம், அபயம், ஔடதம், சாத்திரம் என்னும் நால்வகைத் தானங்களுள் கல்விக்கொடையும் ஒன்றாக வைக்கப்பட்டது நம் நெறியில். துறவியர் உறைந்த ‘பள்ளி’ என்னும் சொல்லே கற்பிக்கும் இடத்துக்கும் பெயராயிற்று என்பர் அறிஞர். ஆனால் ஞாயிறு பாடசாலைகளில் நாம் செய்வது என்ன? தோத்திரங்களைப் பிழையின்றி ஒப்பிக்கும் பிள்ளைக்கு மேடையில் பரிசு. நாவில் ஏறாத பிள்ளை பாயின் ஓரத்தில். மந்திரம் வராவிட்டாலும், எறும்பை மிதிக்காமல் சுற்றிப்போகும் பிள்ளை அவன். கிளிக்கு மட்டுமே பரிசு கொடுக்கும் பாடசாலை சிவபூதியை வாசலோடு அனுப்பியிருக்கும் அன்றோ?

வீடுகளிலும் மதிப்பெண்ணைக் கொண்டு பிள்ளைகளை நிறுக்கிறோம். அண்ணனைக் காட்டித் தம்பியைக் குத்துகிறோம். நாம் இரவில் உண்ணாதது பூச்சிகளுக்கும் துன்பம் நேரக்கூடாது என்பதற்காக. அவ்வளவு நுட்பமான கருணை நம் உணவு மேசையில் தேர்வு முடிவு வரும் நாளன்று எங்கே போகிறது?

செய்யக்கூடிய சிலவற்றைக் கூறி முடிப்போம். பாடசாலைப் பரிசுகளுள் ஒன்றை உடன் பயிலும் பிள்ளைக்கு உதவிய பிள்ளைக்கு வழங்கலாம். ஒரு சரிதத்தைச் சொல்லியும், வரைந்தும், நடித்தும் காட்டப் பிள்ளைகளுக்கு இடம் தரலாம். பார்வைக் குறைவும் கற்றல் குறைபாடும் உள்ள மாணவர் தேர்வெழுதும்போது, அவர் சொல்வதை எழுதுவதற்கு ஓர் ஆள் வேண்டும். அவ்வாளாகச் செல்ல விதிகளின்படி தகுதியுடைய நம் இளைஞர்கள் முன்வரலாம். சில மணி நேரம் தன் கையைப் பிறர்க்கு ஈவது சிறந்த சாத்திர தானம் ஆகும்.

முனிவரின் தகாதார் பட்டியலைப் பற்றித் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கும் இப்போது விடை கூறலாம். பிணியனும் மந்தனும் பாடத்துக்கு உரியர் அல்லர் என்பதை இன்று நாம் ஏற்பதற்கில்லை. அவர் வழியிலேயே நின்று அதை மறுக்கிறோம். காலம் மாறும்போது மொழியில் சில கழிந்து சில புகுவது குற்றமாகாது என்று நூலின் முடிவில் அவரே இடம் வைத்துச் சென்றார். பட்டியல் கழியட்டும். கொள்வோன் கொள்ளும் வகை அறிந்து கொடுக்க வேண்டும் என்னும் கட்டளை நிற்கட்டும்.

பகவானின் சமவசரணத்தில் எழுந்த திவ்யத்வனியைத் தேவரும் மனிதரும் விலங்கினங்களும் தத்தம் மொழியில் உணர்ந்தனர் என்பது நம் மரபு. மானும் சிங்கமும் அங்கே ஒருங்கே அமர்ந்தன. எவரையும் நோக்கி ‘உனக்கு இது ஏறாது’ என்று அங்கே சொல்லப்படவில்லை. அந்தச் சபையின் சிறு சாயலேனும் நம் வகுப்பறைகளிலும் பாடசாலைகளிலும் விழுமாயின், கடைமடை வயலும் விளையும்.

வாழ்க அறம்! வளர்க கல்வி!